எழுத்து ஒட்டுகிறவன்

வெள்ளை எழுத்தைத் திரையில் போட்டால் பின்னால் லேசாக ஒரு நிழல் வைக்க வேண்டும் சார். இல்லையென்றால் போனில் பார்க்கிறவர்களுக்கு வாசிக்க வராது. எங்கள் டைரக்டருக்கு இதுகூடத் தெரியாது.

அவனும் நானும் ஒரே வகுப்பு. குழந்தை கடத்துகிற ஒருவனைப் பற்றி அவன் எடுத்த படத்தை, வெட்டி ஒட்டிப் பார்க்கிற மாதிரி ஆக்கியது நான். கடத்துகிறவனாக நடித்தது அவனுடைய அப்பா. தையல்காரர், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனுஷன். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால், கூட நடித்த குழந்தையிடம், "சும்மா நடிப்புடா கண்ணு, பயப்படாதே" என்பார். எனக்கும் மறக்காமல் டீ வாங்கிக் கொடுப்பார். போன் கேமராவில், அவர்கள் தெருவிலேயே எடுத்ததால் எல்லாம் நிஜமாக நடந்தது போலவே இருக்கும்.

டிரெய்லரில் போட அவன் பெயர்களை அனுப்பினான். கதை அவன், இயக்கம் அவன், எடிட்டிங்கும் அவன். நான் கடைசியில், 'நன்றி'க்குக் கீழே, போன் கொடுத்த அவன் சித்தப்பாவுக்கும் அடுத்து இருந்தேன். ஏன் என்று கேட்டேன். வகுப்பே பார்க்கச் சிரித்தான்.

"நீ எழுத்து ஒட்டுற ஆளுதானே மச்சான். அதுக்கு எதுக்கு இவ்ளோ பில்டப்பு?"

வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் சண்டை போடவில்லை. எழுத்து ஒட்டுகிறவன்தானே, எழுத்தையே ஒட்டுவோம் என்று வந்துவிட்டேன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. காட்சிகளைப் பார்த்து டைரக்டர் சரி சொன்ன பிறகுதான் டைட்டில் ஏறும். அதற்கப்புறம் யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. அவன் சரி என்றான். அவன் அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடத்தில், முகத்துக்குக் கீழே நான் எழுதினேன்: 'இது நடிப்பு அல்ல. இவன் இன்னும் வெளியில்தான் திரிகிறான்.' நிதானமாக இரண்டு தடவை வாசிக்கும் நேரம் நிற்க வைத்தேன். டிரெய்லர் என்றால் கொஞ்சம் மிகைப்படுத்தத்தான் செய்வார்கள்.

யாரோ அந்த இடத்தை மட்டும் வெட்டி, படத்தின் பெயர் இல்லாமல், அந்தத் தெருப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அந்த யாரோ நான்தான். நீங்கள் எப்படியும் கண்டுபிடிப்பீர்கள், அதனால் சொல்கிறேன்.

அவன் அப்பா, தைத்த சீருடைகளைக் கொடுக்கப் பள்ளிக்கூட வாசலுக்குப் போயிருக்கிறார். கூட்டம் சூழ்ந்ததும், "நடிப்புங்க, சும்மா நடிப்புங்க" என்றுதான் கடைசிவரை சொன்னாராம். யார் நம்புவார்கள்? அதற்குத்தான் முதலிலேயே பதில் எழுதி வைத்திருந்தேனே. நான் ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை சார். அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. மகனுக்கு வலிக்க வேறு இடம் கிடைக்கவில்லை.

காரியம் முடிந்ததும் அவன் என்னிடம்தான் வந்தான். என் தோளில் சாய்ந்து அழுதான்.

"படத்துக்கு முன்னாடி அப்பாவுக்குன்னு ஒரு கார்டு போட்டுக் கொடுடா. எடிட்டிங்னு உன் பேரையே போட்டுக்கோ. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அப்போதே திறந்து காட்டினேன். கறுப்புத் திரை, நடுவில் 'அப்பாவின் நினைவுக்கு'. இவ்வளவு சீக்கிரம் எப்படிச் செய்தாய் என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

சீக்கிரமெல்லாம் இல்லை சார். டிரெய்லர் வெளியாவதற்கு முந்தின நாளே செய்து வைத்துவிட்டேன்.