எப்படியானாலும் திற

தேநீர் நன்றாக இருக்கிறது ஐயா. விசாரணை அலுவலகத்தில் இவ்வளவு நல்ல தேநீர் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாலை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கலாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்துப் பார்த்தேன். அழகாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு வரிதான் உறுத்துகிறது. "புகைப்படக் கடைக்காரர் சகின்பெக், போதிய பயிற்சி இல்லாத காரணத்தால், மீட்புக் குழுவின் படத்தைத் தவறாகத் திறந்துவிட்டார்." இதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட என் கை வராது.

போதிய பயிற்சி இல்லையாம். இந்தக் கரகோல் ஊரில் கல்யாணம் செய்துகொண்ட பாதிப் பேருக்கு முகப்பருவை எடுத்துவிட்டவன் நான். உங்கள் மேலதிகாரியின் அறையில் ஒரு படம் தொங்குகிறதே, அதில் அவருக்கு ஒரே ஒரு தாடைதான். மற்றதை எடுத்தது யார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

ஷப்தானைப் பற்றிக் கேட்டீர்கள். மலை வழிகாட்டி. நன்றாகப் படம் எடுப்பான். என்னைவிட இளையவன். ரா ஃபைலைத் திறக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். அதை நான் மறுக்கவில்லை, மறுக்க அவன் விட்டால்தானே.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை ஐயா. கேமரா பார்த்ததைச் சமைக்காமல் அப்படியே வைத்திருப்பது ரா ஃபைல். படங்களை அடுக்கி வைக்கிற லைப்ரரி மென்பொருளில் நீங்கள் இருட்டைக் குறைத்தாலும் வெளிச்சத்தைக் கூட்டினாலும் அசல் மாறாது. இப்படிக் காட்டு என்று பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும் சேரும். அங்கிருந்து எடிட்டிங் மென்பொருளுக்கு அனுப்பும்போது, லைப்ரரி புதியதாகவும் எடிட்டிங் பழையதாகவும் இருந்தால் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். லைப்ரரியே பதப்படுத்தித் தரட்டுமா, இல்லை எப்படியானாலும் திறக்கட்டுமா என்று கேட்கும். முதல் பொத்தானை அமுக்கினால் லைப்ரரியில் பார்த்த படமே வரும். இரண்டாவதை அமுக்கினால் பழைய மென்பொருளுக்குப் புரியாத குறிப்பெல்லாம் காற்றில் போய்விடும். குறைத்த இருட்டு மறுபடியும் கரியாக அப்பிக்கொள்ளும்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் இரண்டாவதை அமுக்கிவிட்டேன். பெரிய அதிகாரி ஒருவரின் மகள் கல்யாணம். மணப்பெண்ணின் முதுகுக்குப் பின்னால் சூரியனை வைத்து எடுத்த படங்கள். ஆல்பம் அச்சாகி வந்தபோது மணப்பெண்ணுக்கு முகமே இல்லை. வெள்ளை உடை மட்டும் தனியாக நின்று கேக் வெட்டிக்கொண்டிருந்தது.

தவறுதான். யாருக்குத்தான் வராது. ஆனால் ஷப்தானுக்கு அது ஆயுளுக்கும் போதுமான தீனியாகிவிட்டது. எந்த விருந்தானாலும், யார் வீட்டுத் தொட்டிலிடும் சடங்கானாலும், வயிறு நிறைந்ததும் எல்லாரும் அவனைப் பார்ப்பார்கள். அவனும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பான்.

"நம்ம சகின் அண்ணன்கிட்ட கம்ப்யூட்டர் கெஞ்சிக் கேட்டுச்சாம்ப்பா. அண்ணே, பார்த்துத் திறக்கிறீங்களா, இல்ல எப்படியானாலும் திறக்கிறீங்களான்னு. அண்ணன் என்னிக்குப் பார்த்துச் செஞ்சிருக்காரு?"

விருந்துக் கூடாரமே குலுங்கும். நானும் சிரிப்பேன். பெருந்தன்மை என்று ஒன்று இருக்கிறதே. கொஞ்ச நாளில் என் பெயரே அதுவாகிப் போனது. சந்தையில் ரொட்டி விற்கிறவள் கூட, "ஏ எப்படியானாலும், இன்னிக்குக் கடை உண்டா?" என்று கேட்க ஆரம்பித்தாள். அப்பா அம்மா ஆட்டை அறுத்து ஊரைக் கூட்டி வைத்த பெயர் எங்கே போனதோ தெரியவில்லை.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. இதையும் கேளுங்கள். போன கோடையில் என் சொந்த மாமா வீட்டு விருந்து. இறைச்சி பங்கு வைத்தார்கள். எந்த எலும்பு யாருக்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மதிப்புக்குரிய இடுப்பெலும்பு மூத்தவனுக்கு, எங்கள் இருவரில் மூத்தவன் நான். ஆனால் அது ஷப்தானுக்குப் போனது. எனக்கு வந்தது முதுகுத்தண்டில் ஒரு துண்டு. அவன் என்ன செய்தான் தெரியுமா, தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

"அண்ணே, நீங்க எடுத்துக்குங்க. எந்த எலும்பா இருந்தா என்ன, எப்படியானாலும் சாப்பிடலாம்."

மாமா சிரித்ததில் அவருக்குப் புரையேறியது. நானும் சிரித்தேன்.

இலையுதிர் காலத்தில் ஷப்தான் காணாமல் போனான். பின்னால் வரப்போகிற மலையேறிகளுக்காகக் கணவாயில் பாதை பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாகப் போனவன். பனி முன்னாலேயே இறங்கிவிட்டது. மேகம் கொஞ்சம் விலகியபோது ஹெலிகாப்டர் ஒரு சுற்றுப் போய் வந்தது. மீட்புக் குழுவில் தாலாய் என்று ஒருவன் இருக்கிறானே, உங்களிடம் புகார் கொடுத்தவன், அவன்தான் கதவோரம் உட்கார்ந்து படங்களாக எடுத்துத் தள்ளினான். எல்லாம் ரா ஃபைல்கள். திரும்பி வந்ததும் அலுவலகக் கம்ப்யூட்டரில் லைப்ரரிக்குள் ஏற்றி, மொத்தமாக இருட்டைக் குறைத்து வைத்தான். பாறை நிழலுக்குள் ஆள் ஒண்டியிருந்தால் தெரியட்டும் என்று. கெட்டிக்காரன்தான். ஆனால் தூங்காத கண், பறந்த களைப்பு. அதனால் குழுத் தலைவர் குபாத் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"சகின்பெக், ஊர்லயே படத்தைப் பார்க்கத் தெரிஞ்ச கண்ணு உன்னுதுதான். மறுபடி மேகம் கட்டுது. இன்னும் ஒரே ஒரு தடவைதான் பறக்க முடியும். கிழக்குப் பள்ளத்தாக்கா, மேற்கான்னு நீ சொல்லணும்."

பாருங்கள், அன்றைக்கு யாரும் என் பயிற்சியைப் பற்றிக் கேட்கவில்லை.

ஷப்தானின் மனைவி ஜிபாரா அங்கேதான் இருந்தாள். உட்கார முடியாமல் எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். என் கோப்பையை நிரப்பிவிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, அவரு உங்களைக் கிண்டல் பண்ணதை எல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. நீங்க பார்த்துச் சொன்னா சரியா இருக்கும்."

அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இன்றைக்கும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மேற்குப் பள்ளத்தாக்குப் படம் ஒன்றில், பெரிய பாறைக்கு அடியில், நிழலுக்குள் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. தாலாயும் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டான்.

"அண்ணே, அங்க ஏதோ சிவப்பா இல்ல?"

"இருக்கு. பெருசாக்கிப் பார்த்துடுவோம். தலைவரைக் கூட்டிட்டு வா" என்றேன்.

அவன் குபாத்தைத் தேடிப் போய், இரண்டு பேருமாக வந்து நின்றார்கள். ஜிபாராவும் தேநீர்க் குடுவையோடு வந்துவிட்டாள். அவர்கள் முன்னால் அந்தப் படத்தை எடிட்டிங்குக்கு அனுப்பினேன். பெட்டி வந்து கேட்டது. இரண்டாவது பொத்தானை அமுக்கினேன். படம் திறந்தது. பாறைக்கு அடியில் கும்மிருட்டு.

"ஒண்ணையும் காணோமே" என்றார் குபாத்.

"இருந்தாத்தானே தெரியும் தலைவரே. இருட்டை இழுத்துக் குறைக்கும்போது கேமராக் கோளாறு இப்படித்தான் சிவப்பா வரும். பெருசாக்குனா குட்டு வெளிப்பட்டுடும்."

தாலாய் தயங்கினான். "லைப்ரரியில நல்லாத் தெரிஞ்சுதேண்ணே."

"லைப்ரரி நீ ஆசைப்படுறதைக் காட்டும் தம்பி. இது உள்ளதைக் காட்டும்" என்றேன். நிதானமாகத்தான் சொன்னேன். நிபுணன் பதறக் கூடாது.

ஹெலிகாப்டர் கிழக்கே போய் வெறும் கையோடு திரும்பியது. அப்புறம் பனி மூடிக்கொண்டது. வசந்தத்தில் குதிரை தேடிப்போன ஒரு மேய்ப்பன் மேற்குப் பள்ளத்தாக்கில் அவனைப் பார்த்தான், அதே பாறைக்குப் பக்கத்தில். இறுதி விருந்தில், அத்தனை நேரம் நாற்காலியை விட்டு எழாமல் படம் பார்த்தவன் என்று சொல்லி எனக்கு இடுப்பெலும்பு வைத்தார்கள். சாப்பிட்டேன். நன்றாக வெந்திருந்தது.

பிறகு தாலாய் புதிய கம்ப்யூட்டர் வாங்கினான், பழைய படங்களை அதில் திறந்தான், அந்தச் சிவப்புப் புள்ளி மறையாமல் அங்கேயே இருந்தது, உங்களிடம் வந்தான். நீங்களும் பாவம் பார்த்து, பெட்டி வந்ததும் கடைக்காரன் குழம்பிப் போய்ப் பழையபடி இரண்டாவது பொத்தானையே அமுக்கிவிட்டான் என்று எழுதிவிட்டீர்கள். ஆக, செத்த பிறகும் ஷப்தான் சொன்னதே உண்மை என்று ஆகிறது. அரசாங்க முத்திரையோடு.

அதைத்தான் ஐயா திருத்தச் சொல்கிறேன். வேண்டுமானால் இப்படி எழுதுங்கள்.

தாலாய் தலைவரைக் கூட்டிவரப் போன இடைவெளியில் அந்தப் படத்தை நான் ஏற்கெனவே ஒரு தடவை திறந்துவிட்டேன். முதல் பொத்தானை அமுக்கி. பதறாமல், தடுமாறாமல், யாரும் சொல்லித்தராமல். லைப்ரரியில் இருந்தது ஒன்று விடாமல் அப்படியே வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அத்தனை சுத்தமாக ஒரு ரா ஃபைலை நான் என் வாழ்க்கையில் திறந்ததில்லை. பெருமையாக இருந்தது. பார்க்கத்தான் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை.

பெரிதாக்கினேன். சிவப்புச் சட்டை. ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தான், எழ முடியவில்லை போல. இரண்டு கையையும் ஹெலிகாப்டரைப் பார்த்துத் தூக்கியிருந்தான். தாலாயின் கேமரா நல்ல கேமரா ஐயா, பல் வரைக்கும் தெரிந்தது. தன்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள், கூட்டிப்போக வந்துவிட்டார்கள் என்ற நினைப்பில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான் என்று நீங்கள் சொல்வீர்கள்.

சேமிக்காமல் மூடினேன். காலடிச் சத்தம் கேட்டது. உங்களுக்கு அவனைத் தெரியாது ஐயா, எனக்குத்தான் தெரியும். அங்கே உட்கார்ந்துகொண்டும் அவன் என்னைப் பார்த்துத்தான் சிரித்தான்.