பின் அடித்த பாடம்

விக்கிரவாண்டி டோல்கேட்டில் திண்டிவனம் பஸ் நின்றது. என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னதும் என் காது தானாக நீண்டது.

“பொண்ணோட சயின்ஸ் புக்குல ஒரு பாடத்த ஸ்டாப்ளர் பின் அடிச்சு மூடிட்டேன்க்கா.”

“எந்தப் பாடம்டி?”

“வயசுக்கு வர்றது, கொழந்த உண்டாவுறது. படமெல்லாம் போட்டிருக்குது. அத நடத்தறதுக்கு முன்னாடி பெத்தவங்கள ஒரு வார்த்த கேக்க வேணாமா?”

“கேக்கலாம், தப்பில்ல,” என்றாள் மூத்தவள். “அவ வயசுக்கு வந்தப்ப போட்டோ போட்டு பஸ் ஸ்டாப்புல பேனர் கட்டினியே. அவள ஒரு வார்த்த கேட்டியா?”

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் இளையவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

“அழுதாக்கா. வெக்கத்துல அழுவுறான்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன்.”