சுகிர்தா பேரில் ஒரு ஃபோல்டர்

"ஹலோ... ஹலோ, அன்பு! இன்னாடா பண்ணிவெச்சிக்கீற? அம்மா இப்பதான் சொன்னாங்க... ஆமா, கம்ப்யூட்டர்தான்... ஆமா ஆமா, கேக்குது, பஸ்ஸுல கீறேன், சொல்லு."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து கிளம்பிய கம்பெனி பஸ்ஸில் சுகிர்தா குரலை அடக்கத்தான் பார்த்தாள். அடங்கினால்தானே!

"இடம் இல்லன்னா? சினிமாவா ரொப்பி வெச்சிக்கினியே, அத்த அழிக்கிறது! என் பேரு போட்ட ஃபோல்டருதான் கண்ணுல பட்டுச்சா?... இன்னாது? கோர்ட்டுக்குப் போனவளுக்கு உங்கூட்ல இடம் இல்லியா? டேய், அது அப்பா வாங்கின கம்ப்யூட்டர்டா!... உள்ள இன்னா கீதுன்னு உனுக்கு எதுக்கு சொல்லணும்?"

சொல்லியிருக்கலாம். உள்ளே இருந்தது அவள் கல்யாண வீடியோ. செத்துப்போன அப்பா அதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுவார். வீடியோ எடுத்தவன் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான். வேறு பிரதி கிடையாது. ஆனால் திருநின்றவூர் மனைக்காகத் திருவள்ளூர் கோர்ட்டில் முறைத்துக்கொண்டு நிற்கிற தம்பியிடம் போய்க் கெஞ்ச அவளுக்கு மனசு வரவில்லை.

"...அழிச்சும் இடம் வர்லியா? டிஸ்க்கு ரொம்பிச்சின்னு இன்னும் செவப்பாவே காட்டுதா?"

சுகிர்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்தது.

"த்தூ! மண்டைல இன்னா வெச்சிக்கீற நீ? அழிச்சா ஒடனே போய்டுமா? எல்லாம் ரீசைக்கிள் பின்னுல குந்திக்கினு கீதுடா, லூசு! அத்த காலி பண்ணாம எப்பிட்றா இடம் வரும்..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அன்பு... இன்னா பண்ற? டேய், மவுஸ உடு!... தேங்க்ஸா? தேங்க்ஸ் இன்னாத்துக்குடா சொல்ற? வேணாம்... நான் இப்பவே மீஞ்சூர்ல எறங்கி ஊட்டுக்கு வரேன், பென் டிரைவ்ல ஏத்திக்கினு போய்டறேன்... கேஸு வேற, இது வேற... தம்பி, சொல்றத கேளுடா, அதுல அப்பா..."

போனுக்குள் காகிதத்தைக் கசக்குகிற சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர் குப்பையைக் கொட்டிவிட்டது.



"ஆமா. அப்பாதான்... கல்யாணத்துல ஆடினாரே, அதான்... இல்ல, என்னாண்ட வேற இல்ல... இல்லடா, செல்லுலயும் இல்ல... ஏன், உன்னாண்டயும் ஒண்ணு கூடவா இல்ல?"

பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். சுகிர்தா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"இப்ப இன்னாத்துக்கு அழுவுற? அமுக்கும்போது நல்லா இருந்துச்சுல்ல?... அக்காவா? யாருடா உனுக்கு அக்கா? வைடா போன!"

அவளே துண்டித்தாள்.