முகத்துக்கு எத்தனை சதவீதம்?

– மறுபடியும் துண்ட இழுத்து மூடுறியேப்பா. எடு அத.

– வெயிலு, ஆத்தா.

– மருத்துவ முகாமு நடக்குறது கல்யாண மண்டபத்துக்குள்ள, இங்க என்ன வெயிலு? தலைக்கு மேல காத்தாடி சுத்துது.

– அந்தா, ஆளுக பாக்குறாக.

– பாக்கட்டும். பாக்கத்தான வந்திருக்கோம். முகத்துல தழும்புன்னு மனு போட்டுட்டு முகத்த மூடிக்கிட்டு உக்காந்திருந்தா எதுக்கு ஊனச் சதவீதம் போடுவாங்க? துண்டுக்கா?

– சரி சரி, கத்தாத. இந்தா, மடியில வச்சுக்கிட்டேன். போதுமா?

– போதாது. இன்னொருக்கா சொல்லிப் பாப்போம். நான்தான் டாக்டரு. ஐயா, எப்படி இருக்கீங்க?

– நல்லா இருக்கேங்க.

– போச்சு!

– பெறகு? எப்படி இருக்கீகன்னு கேட்டா நல்லா இருக்கேன்னுதான சொல்லணும்? ஒப்பாரியா வைப்பாக?

– கேக்குறது என்ன மாமன் மச்சானா? பட்டாளத்து டாக்டரு. நீ நல்லா இருக்கேன்னு சொன்னா, ஆளு நல்லா இருக்காருன்னு எழுதி அனுப்பிருவாங்க. போன தடவ அதான நடந்துச்சு? இந்த மறுபரிசோதனைய வாங்குறதுக்கு எத்தன ஆபீசு படி ஏறியிருக்கேன் தெரியுமா? ஒருத்தன் உக்காருன்னு சொன்னதில்ல.

– தெரியும் ஆத்தா. பழகுன வாயி, என்ன செய்ய? டாக்டரு முன்னால போனாலே ஒடம்பு தானா வெறைச்சுக்குது. பட்டாளத்துல வலிக்குதுன்னு வாயத் தொறந்தவன, வேலைக்குப் பயந்தவன்னு சொல்லிருவாக.

– இப்ப உனக்கு எந்தப் பட்டாளம்? போடி மெட்டுக்கு மேல ஏலத்தோட்டத்துல காவலு. வாரத்துக்கு ஒருநா ஜீப்புல எறங்கி சிலமலைக்கு வர்ற, சோறு திங்கிற, மறுபடி ஏறிப் போயிர்ற. அந்தத் தோட்டத்து வேலை உனக்கு எப்படிக் கெடச்சுச்சு? சொல்லு.

– அத எதுக்கு இப்ப?

– உன் மொதலாளி என்ன சொன்னாரு? ராக்கையா, உன் மூஞ்சி இருக்கும்போது எனக்கு நாயி எதுக்கு, காய் திருட வர்றவன் பாத்த மட்டுல ஓடிருவான்னாரா இல்லையா?

– அவரு வெளையாட்டாச் சொன்னது. நல்ல மனுசன்.

– வெளையாட்டு! மொதலாளிக்கு மட்டும் பயமுறுத்துற மூஞ்சி, டாக்டருக்கு வந்தா ஒண்ணுமில்லாத மூஞ்சி. ரெண்டு பக்கமும் நீயே சிரிச்சுக்கிட்டு நில்லு.

– ஆத்தா, நீ காலையில சாப்பிடலயில்ல? அதான் இம்புட்டுக் கோவம். வெளிய டீக்கடையில வடை போடுறான், வாசம் வருது.

– எனக்கு வடை வேணாம். இருபது சதவீதம் வேணும். அதுக்குக் கொறஞ்சா அட்டை தர மாட்டாங்க. அட்டை இல்லேன்னா பட்டாளத்து ஆஸ்பத்திரியில இமைக்கு ஆபரேசன் கெடையாது. அந்தக் கண்ணு மூட மாட்டாம வருசக்கணக்காக் காயுது. தேனி டாக்டரு என்ன சொன்னாரு? இப்படியே விட்டா பார்வை போயிரும்னாரு.

– இன்னொரு கண்ணு இருக்குல்ல.

– ஏப்பா!

– சும்மா சொன்னேன். விடு. சரி, கேளு. அடுத்து என்ன கேப்பாக?

– எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க.

– அடுப்பு வெடிச்சதுங்க.

– அடுப்பு வெடிச்சதுன்னா அம்மா அடுப்பங்கரையில வெடிச்சதுன்னு நெனப்பாங்க! எந்த அடுப்பு? எங்க?

– பனிமலையில. காவல் கூடாரத்துக்குள்ள குளுருக்கு வச்சிருந்த மண்ணெண்ண அடுப்பு. ஆனா ஆத்தா, குண்டு பட்டவுக எத்தன பேரு இங்க உக்காந்திருக்காக. அவுகளுக்கு நடுவுல போயி அடுப்பு வெடிச்சதுன்னு சொல்ல கூச்சமா இருக்கு.

– அந்தக் குளுருல உன்னக் கொண்டுபோயி வச்சது யாரு? நீயா சுற்றுலா போன? கூச்சம் அவங்களுக்கு வரணும், உனக்கில்ல. அடுத்து. இதான் முக்கியம். இந்தத் தழும்பால மத்தவங்க பயப்படுறாங்களா, ஒதுங்குறாங்களான்னு கேப்பாங்க. போன தடவ என்ன சொன்ன?

– யாருமில்லைன்னேன்.

– ஏன்?

– யாருமில்ல, அதான்.

– பஸ்சுல உன் பக்கத்து சீட்டு காலியாவே வருது. கோயில் கொடையில குழந்தைகள இழுத்துப் பிடிச்சுக்கிறாளுக. எனக்குத் தெரியாதா?

– அதெல்லாம் வெளி ஆளுக. வீட்டுல யாரும் பயப்படுறாகளான்னுல்ல டாக்டரு கேட்டாரு.

– வீட்டுல யாரு பயப்படுறது? அம்மாவா? இன்னிக்கு நீயும் வாம்மான்னு கூப்பிட்டதுக்கு என்ன சொல்லிச்சு தெரியுமா? எம்புருசன் மூஞ்சி அசிங்கமா இருக்குன்னு ஒரு சபையில நின்னு எனக்குச் சொல்ல வராதுடி, நீ படிச்சவ, நீ போய்ச் சொல்லுன்னு ஏலக்கா எடுக்கப் போயிருச்சு.

– பாண்டியம்மா அப்படியா சொன்னா?

– சிரிக்காத, கோணுது. நானும் பயந்ததில்ல. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லருந்து இதான் உன் மூஞ்சி. நீ பட்டாளத்தவிட்டு வந்து எறங்குன அன்னிக்கு ஓடியாந்து கழுத்தக் கட்டிக்கிட்டேனாமே, எறக்கிவிட்டா அழுதேனாமே. அம்மா சொல்லும்.

– ம். சொல்லுவா.

– அப்ப வீட்டுல யாருமில்லதான். ஆனா கேட்டா ஆமான்னு சொல்லணும்.

– பொய் எதுக்கு ஆத்தா?

– உன் நெசத்த வச்சுக்கிட்டு கண்ணு ஒண்ணு போகப் போகுது. நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன். வாயில என்ன வருதோ அதச் சொல்லுவேன். எதுத்துப் பேசாம இரு, அது போதும்.

– ஆத்தா, ஆத்தா, எம்பேரு கூப்பிடுறாக.

– போ, போ. அந்த வலது பக்கத்து அறை. ஐயோ, கதவுல பாரு, மணமகள் அறைன்னு போட்டிருக்கு.

– உங்கம்மா வந்திருந்தா சிரிச்சே செத்திருப்பா.

– துண்டு! மறுபடியும் தோளுக்குப் போகுது பாரு. எங்கிட்டக் கொண்டா.

– ஜெய்ஹிந்த் மேடம்!

– ஜெய்ஹிந்த். விறைப்பா நிக்க வேண்டாம் ஐயா, உக்காருங்க. இவங்க?

– எம்மக தமிழினி மேடம். காலேசு முடிச்சிருக்கு. எங்க வம்சத்துலயே மொத ஆளு.

– அப்பா, அது இப்ப வேணாம்.

– இருக்கட்டும்மா. நீங்களும் உக்காருங்க. எப்படி இருக்கீங்க ஐயா?

– நல்லா… ம்… ஒரு மாதிரியா இருக்கேங்க.

– ஒரு மாதிரின்னா?

– கண்ணு மூட மாட்டேங்குது மேடம். தூங்கும்போதும் தொறந்தே கெடக்கு. அம்மா ஈரத்துணி போட்டுவிடும். மலையில இவரு தனியா இருக்கும்போது அதுக்கும் ஆளில்ல.

– அவரையே சொல்ல விடுங்கம்மா. இந்தக் கண்ணாடிப் பக்கம் திரும்புங்க ஐயா, வெளிச்சம் இங்கதான் இருக்கு. பொண்ணுக்கு அலங்காரம் பண்ற லைட்டு, நமக்கு உதவுது. அளவு எடுக்கப் போறேன். வலிச்சா சொல்லுங்க.

– வலிக்காதுங்க.

– தொடவே இல்லையே ஐயா இன்னும்.

– அவரு அப்படித்தான் மேடம். செத்தாலும் நல்லா இருக்கேன்னுட்டுத்தான் சாவாரு.

– கண்ண மூடுங்க. இன்னும். இவ்வளவுதான் வருதா? சரி. இப்ப சிரிங்க.

– எதுக்குங்க?

– உதடு எவ்வளவு இழுக்குதுன்னு பாக்கணும்.

– சும்மா எப்படிங்க மேடம் சிரிக்கிறது?

– மொதலாளி சொல்றதுக்கெல்லாம் சிரிப்பியே, அத நெனச்சுக்கப்பா.

– ம், போதும் ஐயா. தண்ணி குடிச்சா ஓரத்துல ஒழுகுதா?

– கொஞ்சம்… தொடச்சுக்குவேங்க.

– சரி. எழுதிட்டேன். கழுத்துலயும் இருக்கா? வேல பாக்குற இடத்துல சூடு, புகை ஏதும் உண்டா?

– ஏலக்கா காயப்போடுற ஸ்டோர்ல அனல் இருக்குங்க. உள்ள போனா தோலு எரியும். வெளிய வந்து நின்னுக்குவேன்.

– சரி ஐயா. அம்மா, உங்ககிட்டயே நேரா சொல்லிர்றேன். நான் தோல் டாக்டர். கண்ணுக்கு வேற டாக்டர், அவர் இன்னைக்கு வரல. வடுவோட நீளம், அகலம், நிறம் எல்லாம் குறிச்சுட்டேன். இத மட்டும் வச்சுப் பாத்தா இருபதுக்குப் போகாது.

– தோலு இழுத்துத்தான மேடம் கண்ணு மூடல? தோலு ஒரு ஆளோடது, கண்ணு இன்னொரு ஆளோடதா?

– ஆத்தா, மெதுவா.

– விடுங்க ஐயா, அவங்க கேக்குறதுல தப்பில்ல. காலையிலருந்து இதத்தான் எல்லாரும் கேக்குறாங்க. நானும் இதே பதிலத்தான் சொல்றேன். நான் பாத்தத மட்டும்தாம்மா நான் எழுத முடியும். இன்னொரு கேள்வி இருக்கு. அதுக்கு என்ன சொல்றீங்கங்கிறதப் பொறுத்து மேல போட வழி இருக்கு. ஐயா, இந்த வடுவால உங்கள நெருங்கினவங்க யாராவது பயந்தது, ஒதுங்கினது, அதனால உங்க வாழ்க்கை மாறினது, அப்படி ஏதாவது உண்டா?

– யாருமில்லீங்க மேடம்.

– நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மனைவி? பிள்ளைங்க?

– யாருமே இல்லீங்க.

– மேடம், நான் சொல்றேன்.

– ஆத்தா, வேணாம்.

– நீ சும்மா இருப்பா. நான் பயந்திருக்கேன் மேடம்.

– நீங்களா? எப்போ?

– இவரு பட்டாளத்தவிட்டு வந்து எறங்குனப்ப எனக்கு நாலு வயசு. அப்பா வந்திருக்காரு பாருன்னு அம்மா என்னத் தூக்கி இவரு கையில குடுத்துச்சு. நான் அலறிட்டேன். இது எங்கப்பா இல்ல, எங்கப்பா போட்டோவுல இருக்காருன்னு கத்துனேன்.

– தமிழு.

– பேசாம இருப்பா. இவரு உள்ள வந்தா நான் வெளிய ஓடிருவேன் மேடம். பக்கத்து வீட்டுல போயி ஒளிஞ்சுக்குவேன். இவரு கையால சோறு ஊட்டுனா துப்பிருவேன். ராத்திரி கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறாருன்னு கூப்பாடு போட்டுத் தெருவையே எழுப்புவேன்.

– எவ்வளவு நாள் இப்படி?

– ரொம்ப நாளு. அதான் இவரு மலைக்குப் போயிட்டாரு. பட்டாளத்துலருந்து வந்தவருக்குப் போடியில வேலையா கெடைக்காது? பேங்க் வாசல்ல நிக்கிற வேலை வந்துச்சு, வேணாம்னுட்டு மலைக் காவலுக்குப் போனாரு. ஏன்? வீட்டுல இருந்தா பிள்ள பயப்படுதுன்னுதான். வாரத்துக்கு ஒருநா, அதுவும் நான் தூங்குன பெறகு வந்து பாத்துட்டுப் போவாரு. அப்படிப் போனவருதான் மேடம், அங்கேயே கெடக்காரு. இதுக்கு எத்தன சதவீதம் போடுவீங்க?

– இருங்க, எழுதிக்கிறேன். இதெல்லாம் போன தடவ ஏன் சொல்லல?

– பெத்த மகளே பயந்தாள்னு எந்த அப்பன் சொல்லுவான் மேடம்?

– சரிதான். ஆனா அவர் வாயாலயும் வரணும்மா. மக சொன்னாங்கன்னு மட்டும் எழுதினா மேலிடத்துல நிக்காது. ஐயா, அழாதீங்க. அந்தக் கண்ணுக்கு நல்லதில்ல. மக சொன்னது உண்மையா?

– ஆமான்னு சொல்லுப்பா. கேக்குறாங்கல்ல?

– நெசந்தாங்க மேடம். எல்லாம் நெசந்தான். ஏ ஆத்தா, பிள்ள காதுல இது ஒருநாளும் விழுந்துறக் கூடாதுன்னு தெருவுல ஒரு வீடு விடாம ஏறி எறங்கி உங்கம்மா சத்தியம் வாங்கி வச்சிருந்தாளே. உனக்கு யாரு ஆத்தா சொன்னா?