ஒரே பெட்டியில் இரண்டு வீடு

அன்று இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாகராசு ஆகிய நான். என் மனைவி ராசாத்தி. கைபேசியில், மணமேல்குடியிலிருந்து ஆன்லைனில் கருவாடு விற்கும் வனிதா. நாலாவது ஆள் கிடையாது. என் தம்பி குணசேகரன் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், அவன் வீட்டில் இருந்தான். அதை இருந்ததாகச் சேர்க்கக் கூடாது. பேசியதைப் பேசியபடியே எழுதியிருக்கிறேன்; நடுவில் நான் எழுந்து போன நேரத்துப் பேச்சு மட்டும் ராசாத்தி சொன்னபடி.

நான்: ...யாரைக் கேட்டும்மா ரெண்டையும் ஒண்ணாப் போட்ட?

வனிதா: ஐயா, நல்லதுக்குத்தானே...

நான்: யாரைக் கேட்டன்னு கேட்டேன்.

வனிதா: யாரையும் கேக்கலைங்கய்யா. ரெண்டும் ஒரே தெரு, ஒரே நாள் ஆர்டர். ஒரே பெட்டியில போட்டா ஒரு தபால் கூலியோட முடிஞ்சுது. மிச்சக் கூலியைத் திருப்பித் தர்றேன்னுதானே சொல்றேன். அதுக்குப் போயி...

நான்: எனக்கு மிச்சம் வேணாம். ரெண்டு கூலியும் நீயே வச்சுக்க. மூணாக்கூட எடுத்துக்க. எனக்கு ரெண்டு பெட்டியா வரணும்.

வனிதா: வந்து எறங்கின பெட்டியை எப்படிங்கய்யா ரெண்டாக்குறது?

நான்: திருப்பி அனுப்புறேன். பிரிச்சு அனுப்பு.

வனிதா: இங்க வர ஒரு கூலி, மறுபடி அங்க வர ரெண்டு கூலி. கருவாட்டை விட தபால் செலவு கூடிப் போயிரும்ங்கய்யா!

ராசாத்தி: யாருங்க போன்ல? கருவாட்டுப் புள்ளையா? ஸ்பீக்கர்ல போடுங்க.

நான்: நீ ஒன் வேலையப் பாரு.

ராசாத்தி: வேலையைத்தான் பாக்குறேன். பெட்டியை நடுக்கூடத்துல வச்சிட்டீங்க, பூனை சுத்திச் சுத்தி வருது. போடுங்க ஸ்பீக்கர்ல... ம். என்ன வனிதா, என்ன சண்டை?

வனிதா: நீங்களே ஞாயம் சொல்லுங்கம்மா. போன மாசம் அறந்தாங்கி அக்கா ஒருத்தங்க நாலு பொட்டலம் வாங்குனாங்க. தெரியாத்தனமா நாலுக்கும் தனித்தனியா தபால் கூலி போட்டுட்டேன். "ஒரே பையில வந்ததுக்கு நாலு கூலியா, பகல் கொள்ளை"ன்னு என் பேஜ்லயே எழுதி, ஒத்தை ஸ்டார் குத்திட்டாங்க. அன்னைக்குச் சோறு எறங்கலைம்மா. உடனே பெருசா எழுதிப் போட்டேன், ஒரே தெருவுக்குப் போனா ஒரே தபால் கூலிதான்னு. இப்ப ஐயா என்னடான்னா, ஏன் ஒரே கூலி வாங்குனன்னு சண்டைக்கு வர்றாரு!

ராசாத்தி: அட, இதுக்கா? கூலியைக் கொறச்சதுக்குச் சண்டை போடுற மொத ஆளு நீங்கதாங்க.

நான்: விசயம் கூலி இல்ல. பெட்டி மேல என்ன எழுதியிருக்கு? படி.

ராசாத்தி: நாகராசு... குணசேகரன்... ஓ.

நான்: என்ன ஓ?

ராசாத்தி: ஒண்ணுமில்ல. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல பாத்து நாளாச்சு. நல்லாத்தான் இருக்கு.

நான்: நல்லா இருக்காம்! தபால்காரம்மா அன்புச்செல்வி இந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு, "அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே பார்சல்"னு தெரு பூராவும் சொல்லிக்கிட்டு வருது. டீக்கடையில இருந்தவனெல்லாம் எந்திரிச்சு நின்னு பாக்குறான். வாசல் ரெண்டு, அடுப்பு ரெண்டு, நடுவுல சுவரு. பெட்டி மட்டும் ஒண்ணா? ஊரு என்ன நெனைக்கும்?

ராசாத்தி: சேர்ந்துட்டாங்கன்னு நெனைக்கும்.

நான்: மூத்தவன் எறங்கிப் போயிட்டான்னு நெனைக்கும். எங்க வம்சத்துல மூத்தவன் மொதல்ல எறங்கினது கெடையாது. அவன் வந்து பேசட்டும், பேசுறேன். நானாப் போயி வாயைத் தொறந்தா நான் நாகராசு இல்ல.

வனிதா: ஐயா... எதுக்குச் சண்டைன்னு நான் கேக்கலாமா?

நான்: கேக்கக் கூடாது.

ராசாத்தி: பரிவட்டம், வனிதா. இவுக மூட்டு ஆபரேசனுக்குப் புதுக்கோட்டையில ஆஸ்பத்திரியில படுத்திருந்தாக. மாரியம்மன் திருவிழா வந்திருச்சு. குடும்பத்துக்கு உள்ள கோயில் மரியாதை நின்னு போகக் கூடாதேன்னு கொழுந்தனாரு தலையைக் குனிஞ்சாரு, பூசாரி பரிவட்டத்தைக் கட்டிட்டாரு. அம்புட்டுத்தான்.

நான்: அம்புட்டுத்தானா? "அண்ணே, கட்டிக்கிடவா"ன்னு ஒரு போனு போட்டா என்ன? எனக்குக் காலுலதானே ஆபரேசன், காதுலயா?

ராசாத்தி: வீட்டுக்கு வந்ததும் இவுக நடுச்சுவரு கட்டினாக. கட்டுத்துணி பிரிக்கல, செங்கல் வந்து எறங்கிருச்சு.

நான்: யாரு சிரிக்கிறது?

வனிதா: சிரிக்கலைங்கய்யா. இருமல்.

ராசாத்தி: சரி விடுங்க. கொழுந்தனாரு அவரு காசுல அவருக்கு வாங்குனாரு, நீங்க நமக்கு வாங்குனீங்க. ரெண்டு பேருக்கும் கடைக்காரி ஒண்ணு. நம்ம பொட்டலத்தை எடுத்துக்கிட்டு, பெட்டியை அவரு வாசல்ல வச்சுட்டா முடிஞ்சுது.

நான்: ...ம். சரி. நீ உள்ள போ. நான் பாத்துக்கிறேன்.

வனிதா: அப்ப அந்த மிச்சக் கூலியை யாருக்குத் திருப்பிப் போடட்டும்ங்கய்யா?

நான்: யாருக்கும் வேணாம்னுதானே சொல்லிட்டு இருக்கேன்.

வனிதா: அப்படி வச்சுக்க முடியாதுங்கய்யா. ஊருக்கே எழுதிப் போட்டுட்டேன்ல. இன்னொரு ஒத்தை ஸ்டார் எனக்குத் தாங்காது.

ராசாத்தி: புள்ள சொல்றதும் ஞாயம்தானே. ஒரு பெட்டிக்கு ஒரு கூலிதானே. நம்ம கூலி போகட்டும், அவரு கூலியை அவருக்குத் திருப்பித் தரட்டும்.

நான்: அவனுக்கு அனுப்பக் கூடாது!

ராசாத்தி: ஏன்?

நான்: அது... எதுக்கு இந்தக் காசுன்னு கேப்பான்.

ராசாத்தி: கேட்டா வனிதா சொல்லிட்டுப் போகுது.

நான்: சொல்லக் கூடாது. வனிதா, நீ எனக்கே போட்டுவிடு.

ராசாத்தி: அவரு காசு நமக்கு எதுக்குங்க? வாயைத் தொறந்தா வம்சம் வம்சம்னு சொல்லிட்டு, தம்பி கட்டின தபால் கூலியை முழுங்கப் போறீங்களா?

நான்: யாருடி முழுங்குறது? அளந்து பேசு.

ராசாத்தி: அப்ப அவருக்கே போகட்டும். வனிதா, கொழுந்தனாரு எந்த நம்பர்ல இருந்து பணம் போட்டாரோ அந்த நம்பருக்கே திருப்பிப் போட்டுரு.

வனிதா: அது வந்தும்மா...

நான்: வனிதா!

வனிதா: ...சரியாக் கேக்கலைம்மா. டவர் இல்ல.

ராசாத்தி: இவ்வளவு நேரம் கேட்டுச்சே?

வனிதா: இங்க கடல் காத்தும்மா...

ராசாத்தி: வனிதா. மாரியாத்தா மேல ஆணை. எந்த நம்பரு?

வனிதா: ஐயா, மன்னிச்சிருங்க, ஆத்தா மேல ஆணை வச்சுட்டாங்க... ரெண்டுக்கும் ஐயா நம்பர்ல இருந்துதாம்மா வந்துச்சு. இந்த வருசம் மட்டுமில்ல. வருசா வருசம்.

ராசாத்தி: வருசா வருசமா?

நான்: என்ன அப்படிப் பாக்குற?

ராசாத்தி: ஒங்களைப் பாக்கல, பூனையைப் பாக்குறேன். சொல்லுங்க.

நான்: என்னத்தைச் சொல்ல? காப்புக் கட்டினதுல இருந்து ஊரே கவுச்சி தொடுறதில்ல. காப்பு அவுத்ததும் மூத்த வீட்டுல இருந்து இளைய வீட்டுக்குக் கருவாடு போகணும். அதை வச்சுத்தான் அந்த வீட்டுல மொத கவுச்சிக் கொழம்பு. எங்க அப்பாவுக்கு முந்தி இருந்து எங்க குடும்பத்துல இருக்குற முறை. அவன் மேல கோவம்னா, முறை என்ன பாவம் பண்ணுச்சு? நாகராசு காலத்துல நின்னு போச்சுன்னு பேரு வரலாமா?

ராசாத்தி: அதான் தபால்ல அனுப்புனீங்களா?

நான்: முறை போகணும், நான் போகக் கூடாது. தபால்ல போனா ரெண்டும் நடந்துருது.

வனிதா: பழைய வாடிக்கைக்காரருக்குத் திருவிழா இலவசம்னு சொல்லித்தாம்மா அவருக்கு அனுப்புவேன். ஐயாதான் அப்படிச் சொல்லச் சொன்னாரு. அதுக்கு ஒரு கண்டிசன் வேற. நெத்திலியை ஒண்ணொண்ணா எடுத்துத் தலையைக் கிள்ளித்தான் அனுப்பணும். ஒங்க பொட்டலம் தலையோடதான், அது அப்பவே ரெடி. அவரு பொட்டலம் கிள்ளி முடியட்டும்னு பெட்டியையே நிறுத்தி வச்சேன். அதுலதான் ரெண்டு நாள் லேட்டு.

ராசாத்தி: தலையைக் கிள்ளியா?

நான்: சின்னப் புள்ளையில இருந்து அவனுக்கு நெத்திலித் தலை ஆகாது. மொறைச்சுப் பாக்குதும்பான். நான் கிள்ளிப் போட்டாத்தான் திம்பான்.

ராசாத்தி: எனக்கு ஒரு நாளாவது கிள்ளிக் கொடுத்திருக்கீங்களா?

நான்: நீ மொதல்ல திங்கிறதே தலையைத்தானே.

வனிதா: இருமல்ங்கய்யா. இருமல்தான்.

நான்: இருமுனது போதும். அவனுக்குத் தனியா இன்னொரு பொட்டலம் கட்டு. பழையபடி இலவசம்னு சொல்லி இன்னைக்கே தபால்ல போடு.

வனிதா: நெத்திலிக்கு எங்கங்கய்யா போவேன்? மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு பூராவும் கரையில நிக்குது. எங்கிட்ட இருந்த கடைசி நெத்திலி ஒங்க பெட்டியிலதான் இருக்கு.

நான்: அப்ப அன்புச்செல்வியைக் கூப்பிட்டு...

ராசாத்தி: அது வண்டியை எடுத்துக்கிட்டு எப்பவோ போயிருச்சு. நானே கொண்டு போயிக் கொடுத்துட்டு வாரேன்.

நான்: நீ போகக் கூடாது. மூத்தவன் கையால போற முறை அது.

ராசாத்தி: இத்தனை வருசம் தபால்காரம்மா கையாலதானே போச்சு?

நான்: அது சர்க்கார் கை. அதுல தப்பில்ல.

ராசாத்தி: நல்ல சட்டம்! சரி, நான் ஒண்ணு சொல்லட்டா? நேத்து சுவத்துக்கு அந்தப் பக்கம் பருப்புக் கொழம்பு வாடை. இன்னைக்கும் பருப்புதான் வேகுது. காப்பு அவுத்து ரெண்டு நாளாச்சு, ஊரே கறியும் மீனுமாக் கெடக்கு. அவுக மட்டும் ஏன் இன்னும் கவுச்சி ஆக்கல?

நான்: ...அது நமக்கெதுக்கு?

ராசாத்தி: நமக்கெதுக்கு. சும்மா சொன்னேன்.

நான்: அந்தப் பொட்டலத்தை எடு.

ராசாத்தி: எது, தலையோட இருக்கே, அதா?

நான்: கிள்ளுனதை எடுடி!

ராசாத்தி: இந்தாங்க. எங்க போறீங்க? வாசல் இங்கிட்டு இருக்கு.

நான்: வாசலுக்கு யாரு போறா? கொல்லைக்குப் போறேன்.

ராசாத்தி: அங்கிட்டு சுவரு இருக்கே?

நான்: நான் கட்டுன சுவரு எனக்குத் தெரியாதா? நெஞ்சு மட்டந்தான்.

வனிதா: அம்மா... ஐயா போயிட்டாரா?

ராசாத்தி: போறாக. புதுத் துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுப் போறாக, பொண்ணு பாக்கப் போற மாதிரி.

வனிதா: நான் போனை வச்சிரவாம்மா?

ராசாத்தி: வைக்காத புள்ள. தொணைக்கு இரு.

வனிதா: என்ன கேக்குது?

ராசாத்தி: ஒண்ணும் கேக்கல... இவுக செருமுறாக... அந்தப் பக்கம் கதவு தொறக்குது... வனிதா, பேச்சுச் சத்தம்! பேசுறாங்க!

வனிதா: யாரும்மா பேசுறது?

ராசாத்தி: அதுதான் தெரியல. ரெண்டு பேருக்கும் ஒரே குரலு. ...வாராக, வாராக. என்னங்க, கொடுத்தாச்சா?

நான்: ஆச்சு.

ராசாத்தி: யாரு மொதல்ல பேசுனது? என்ன பேசுனீங்க?

நான்: வனிதா, லைன்லதான் இருக்கியா?

வனிதா: இருக்கேன்ங்கய்யா.

நான்: அந்த மிச்சக் கூலியை எனக்கே போட்டுவிடு. அடுத்த வருசமும் ஒரே பெட்டி போதும்.

ராசாத்தி: நான் கேட்டதுக்குப் பதிலைக் காணோமே?

நான்: நமக்குக் கொழம்பு வைக்கிற வழியைப் பாரு.

மறுவாரம். அதே கூடம், அதே மூவர்.

வனிதா: ஐயா! என் பேஜ்ல அன்புச்செல்வி அக்கா எழுதியிருக்காங்க, பாத்தீங்களா? அஞ்சு ஸ்டார்!

நான்: என்ன எழுதியிருக்கு?

வனிதா: "இந்தக் கடைப் பெட்டியால் ஒரு குடும்பமே ஒன்று சேர்ந்தது. பெரியவரே தம்பி வீட்டுப் படியேறிப் போய் முதலில் பேசினார்"னு...

நான்: அழிக்கச் சொல்லு.

வனிதா: அஞ்சு ஸ்டாருங்கய்யா!

நான்: ஸ்டாரு இருக்கட்டும், சேதியைத் திருத்தச் சொல்லு. நான் எந்தப் படியும் ஏறல. பொட்டலத்தைச் சுவத்து மேல வச்சேன், அம்புட்டுத்தான். மொதல்ல பேசினது நான் இல்ல. அவன்.

ராசாத்தி: அப்படி என்ன பேசினாரு? ஒரு வாரமா எங்கிட்டக் கூடச் சொல்ல மாட்டேங்கிறீங்களே!

வனிதா: என்னன்னு எழுதச் சொல்லட்டும்ங்கய்யா?

நான்: "இந்த வருசம் ஏன்ணே ரெண்டு நாள் லேட்டு"ன்னு கேட்டான். அதை அப்படியே எழுதச் சொல்லு.