கரண்டிக்குள் தலைகீழாய் நின்றவர்

அவைக்குத் தலைமை தாங்கும் நூலகத் தலைவர் அவர்களே, போட்டிப் படங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன நடுவர் பெருமக்களே, புத்தகத்தைப் படிப்பதோடு நில்லாமல் அதைக் கடலாக்கி, கதவாக்கி, காடாக்கிப் படம்பிடித்த கலைஞர்களே, அலுவல் முடித்து ஓடோடி வந்திருக்கும் அன்னையரே, அறிவிற் சிறந்த ஆன்றோரே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்துவிட்ட மதிநுட்பம் மிக்க நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

கல்லூரியில் ஒளியியல் கற்பிப்பவன் நான். ‘ஒளியும் நிழலும்’ என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். பேசுகிறேன். அதற்கு முன் இடப்பக்கச் சுவரைச் சற்றுப் பாருங்கள். வரிசையாகப் படங்கள். நடுவே ஓர் ஆணி. ஆணியில் ஒன்றுமில்லை. அங்கே என்ன இருந்தது?

அங்கே ஒரு கடல் இருந்தது. தடித்த கலைக்களஞ்சியம் ஒன்று விரிந்து கிடக்க, அதன் தாள்கள் எழுந்து, வளைந்து, அலையலையாய் ஆர்ப்பரித்த கடல். அலைமேல் படகாக ஒரு குழிக்கரண்டி. பாய்மரம் ஒரு பென்சில். பாய், தேநீர்ப் பையின் காகிதம். கரையில் படகுத்துறையாக ஒரு சீப்பு. அந்தத் துறையின் நுனியில் துணி உலர்த்தும் கிளிப் ஒன்று, யாருக்காகவோ காத்து நிற்கிறது.

எப்படிச் செய்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதா? தோன்றவேண்டும். கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, தாள்களைத் தையல் நூலால் தூக்கிக் கட்டி ஒரு படம். கரண்டிக்கு ஒரு படம். சீப்புக்கும் கிளிப்புக்கும் தனித்தனியே. பிறகு கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கட்டிய நூலை அழித்து, விளிம்போடு விளிம்பை இழைக்கவேண்டும். மீறக்கூடாத விதி ஒன்றுதான்: எல்லாப் பொருள்மீதும் ஒளி ஒரே பக்கத்திலிருந்து விழவேண்டும். அலையின் நிழல் இந்தப் பக்கம், படகின் நிழல் அந்தப் பக்கம் என்றால், அந்தக் கணமே கடல் மறுபடியும் காகிதமாகிவிடும்!

செய்தவர் ஒரு பல் மருத்துவர். ஊரார் வாயையெல்லாம் திறக்கவைப்பவர். தம் படம் சுவரிலிருந்து இறக்கப்பட்டபோது அவர் வாய் திறக்கவில்லை. ஆகவே நான் திறக்கிறேன்.

ஏன் இறக்கினார்கள்? நடுவர் குழுத் தலைவர் நேற்று இதே மண்டபத்தில், பலர் காதுபட, அவர் முகத்துக்கு நேரே சொன்னார்: “இது மேடம் எடுத்த படமே இல்லைங்க. கம்ப்யூட்டர்ல நாலு வரி டைப் பண்ணி ஏ.ஐ. கிட்ட வரைஞ்சு வாங்கினது. அந்தக் கரண்டிக்குள்ள உத்துப் பாருங்க, ஏதோ தொங்குது. கழுத்தைக் காணோம். வயிறு பானை மாதிரி இருக்கு. ஒரு கை இருக்கு, இன்னொரு கைக்குப் பதிலா வெள்ளைச் சிறகு. மனுஷன் இப்படி இருப்பானா? மெஷின்தான் இப்படி உளறும்.” சூழ நின்றவர்கள் சிரித்தார்கள். “வௌவாலுங்க, வௌவாலு” என்றார் ஒருவர். பொய்க்காரி என்ற பட்டத்தோடு, கைப்பையை எடுத்துக்கொண்டு அந்த மருத்துவர் வீடு திரும்பினார்.

அவையோரே! கழுத்தில்லாத, பானை வயிறு படைத்த, வெள்ளைச் சிறகு விரித்த அந்த விந்தை உருவம் எது? எந்த இயந்திரம் ஈன்றது? கணினி கண்ட கனவா? கற்பனையின் கோளாறா?

நான்தான் ஐயா அது.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். நடுவர்களும் சிரிக்கலாம், தடையில்லை. அந்த மருத்துவர் என் மனைவி. ஜன்னலோரச் சாப்பாட்டு மேசையில் கரண்டி. ஜன்னல் வெளிச்சத்தை அதன்மேல் திருப்பிவிட ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. ஒரு முனை அலமாரிக் கதவில், மறுமுனை பனியனோடு நிற்கும் என் கையில்.

“இன்னும் தூக்கிப் பிடிங்க. ஆடாதீங்க. மூச்சு விடாதீங்க.”

“மூச்சு விடாம எவ்வளவு நேரம்மா நிக்கிறது?”

“என் க்ளினிக்ல எல்லாரும் சும்மாதானே இருக்காங்க?”

“அவங்களுக்கு ஊசி போட்டு மரத்துப்போக வெச்சிருப்பே.”

“உங்களுக்கும் ஒண்ணு போடவா?”

என்ன ஐயா, பின்வரிசையில்? ஆதாரமா? நல்ல கேள்வி. நேற்றே கேட்டிருக்கவேண்டிய கேள்வி. இதோ, அதே கரண்டி, என் பையில். நூலகத் தலைவர் அவர்களே, வாங்கிக்கொள்ளுங்கள். குழிந்த பக்கத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். என்ன தெரிகிறது? ஒலிவாங்கியில் சொல்லுங்கள்.

“நான் தலைகீழா நிக்கிறேன் சார்!”

கழுத்து?

“அதைக் காணோம்.”

நன்றி. இனி, இந்த மேசை விரிப்பின் நுனியை ஒரு கையால் உயர்த்துங்கள். பூங்கொத்து பத்திரம்.

“அட, சிறகு!”

கேட்டீர்களா? கரண்டி இல்லாத வீடு உண்டா? காலையிலும் மாலையிலும் கையில் எடுக்காதவர் உண்டா? நேற்று இங்கே ஒருவருக்காவது ஒரு கரண்டியைத் தூக்கிப் பார்க்கத் தோன்றியதா? படைத்தவர் பக்கத்திலேயே நிற்க, “இது என்ன?” என்று அவரிடம் கேட்க நாக்கு எழுந்ததா? புத்தகம் ஏன் கடலாகக்கூடாது, சீப்பு ஏன் துறையாகக்கூடாது என்று கேட்டுக் கேட்டே பிறந்த கலை இது. கேள்வியில் பிறந்த கலைக்குக் கேள்வியே கேட்காதவர்கள் நடுவர்களா? என் குரல் உயரவில்லை என்பதைக் கவனியுங்கள். உயராது. பரிசு கேட்க நான் வரவில்லை. மன்னிப்பும் வேண்டாம். நேற்றுக் கேட்காததை இன்று கேளுங்கள். பிறகு படத்தை அதன் ஆணியில் மாட்டுங்கள். என் மனைவி மூன்றாம் வரிசை ஓரத்தில், “போதும்ங்க, உக்காருங்க” என்று எனக்குக் கைகாட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறார்.

நடுவர் குழுத் தலைவர் எழுகிறார். நல்லது. ஒலிவாங்கியை அவரிடம் தருகிறேன்.

“மேடம்... அந்தக் கரண்டிக்குள்ள இருக்கறது யாரு?”

“எங்க வீட்டுக்காரர்.”

“அழிக்க மறந்துட்டீங்களா மேடம்?”

நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், அவையோரே. மறதி என்று. பதில் மெதுவாக வந்தது, பின்வரிசைக்குக் கேட்டிராது. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்:

“நூலை அழிச்சேன். அலமாரியை அழிச்சேன். அவரைத் தெரிஞ்சேதாங்க விட்டேன். படகுன்னா உள்ள ஆள் வேணாமா?”

ஒளியியல் கற்பிக்கும் நான், அந்தப் படத்தை இத்தனை நாள் வீட்டிலேயே வைத்திருந்தும், அவரிடம் இதைக் கேட்டதில்லை.

அதோ, நடுவர் தம் கையாலேயே படத்தை எடுத்து வருகிறார். இடப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கிறது ஐயா. இன்னும் கொஞ்சம். ஆம், நேராகிவிட்டது. உங்களுக்கு நன்றி. கரண்டி பிடித்த தலைவருக்கு நன்றி. ஆதாரம் கேட்ட பின்வரிசைக்குத் தனி நன்றி. ஒளியையும் நிழலையும் பற்றி இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். துறை நுனியில் ஒரு கிளிப் காத்து நிற்கிறது. இந்த வௌவால் கரைசேர வேண்டும். வணக்கம்.