கொடிமின்னலின் நீளம் முந்நூறு மீட்டர்

உங்கள் மேசை டிராயர் இடது பக்கம் இடிக்கிறது, ஐயா. கொஞ்சம் மெழுகு தடவினால் போதும், வழுக்கிக்கொண்டு வரும். நான் சமையலறை அலமாரி செய்கிறவன். இப்படி எதையாவது பார்த்தால் வாய் சும்மா இருக்காது. சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் வீட்டுக்காரரை. ஏசி மெக்கானிக். தங்கமான மனிதர். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. எங்களுக்குள் இருந்தது ஒரே ஒரு கருத்து வேறுபாடுதான். கொடிமின்னலின் நீளம் முந்நூறு மீட்டர் என்பேன் நான்; அறுநூறு என்பார் அவர்.

கொடிமின்னல் என்பது நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் டிவியில் வந்த தொடர். அதில் வரும் விண்கப்பலுக்கும் அதே பெயர். அதன் ரசிகர்கள் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் கூடுவோம். அங்கே நாற்காலிக்குப் பஞ்சமில்லை. டாக்டர்தான் எங்கள் சங்கத் தலைவர். கேப்டனின் துப்பாக்கியில் எத்தனை பொத்தான், சமையல்காரர் தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்றெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்வோம். நல்ல மனிதர்கள், ஐயா. ஒருத்தரும் குடிக்கமாட்டார்கள்.

கப்பலின் நீளத்தைத் தொடரில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. ஒரு கதையில் கப்பல் தீப்பிடிக்கிறது. கேப்டன் ஓர் உயிர்காப்புப் பெட்டிக்குள் படுத்துத் தப்பிக்கிறார். மூன்று நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தால், சிரித்துக்கொண்டே எழுந்து வருகிறார். அந்தப் பெட்டி வெளியே பாயும் காட்சியை நிறுத்தி அளந்தால், கப்பல் அதைப்போல நூற்றைம்பது மடங்கு நீளம். இதில் மாப்பிள்ளைக்கும் எனக்கும் சண்டையே இல்லை. பெட்டி இரண்டு மீட்டர் என்றால் கப்பல் முந்நூறு, நான்கு என்றால் அறுநூறு.

ஆண்டுக் கூட்டத்தில் நீளத்தை முடிவு செய்து சுவரில் எழுதிவிடுவதாக ஏற்பாடு. நான் பேசி முடித்ததும் மாப்பிள்ளை எழுந்தார்.

“ரெண்டு மீட்டர் பெட்டியில மூணு நாளா? காத்து எங்கேருந்து வரும்? அதுக்குப் பேரு சவப்பெட்டி. எங்க மச்சான் அடிக்கிற அலமாரி மாதிரியே கப்பலையும் அடிச்சிட்டாரு. ஒரு குக்கர் வச்சா கதவு மூடாது.”

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் அலமாரிக் கதவுகள் எல்லாம் மூடும், ஐயா. யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

வெறும் வாயால் பேசி என்ன பயன்? பட்டறையில் பெட்டியைச் செய்தேன். இரண்டு மீட்டர், நல்ல பிளைவுட், சுற்றிலும் ரப்பர் பட்டை. தொடரில் உள்ளபடியே தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, “பிரமாதம் மச்சான், வேலைன்னா இது வேலை” என்றார். மனம் குளிர்ந்துபோயிற்று. நான் வற்புறுத்தவில்லை, அவரே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார்.

“காலு தாராளமா நீட்ட முடியுது. ஆனா காத்துக்கு என்ன பண்ணுவீங்க?”

“அதைத்தானே பாக்கப்போறோம், மாப்பிள்ளை” என்று மூடினேன். தாழ்ப்பாள் கச்சிதமாக விழுந்தது.

முதலில் சிரித்தார். பிறகு தட்டினார். “விளையாட்டு போதும் மச்சான், திறங்க.” இன்னும் கொஞ்ச நேரம் போனதும், “முந்நூறு மச்சான், முந்நூறுதான், ஒத்துக்கறேன். புள்ளைங்க மேல சத்தியமா முந்நூறு” என்றார்.

திறந்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். மிரட்டி வாங்கிய ஒப்புதல் செல்லாது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். நாளைக்கே வெளியே வந்து, பயத்தில் சொன்னேன் என்று மாற்றிப் பேசினால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? எனக்கு வேண்டியது அவர் வாக்கு இல்லை, ஆதாரம்.

நடுவில் தங்கை போன் செய்தாள். “அண்ணா, அவர் அங்கதான் இருக்காரா? சாப்பாடு ஆறிப்போகுது.”

“இங்கதான்மா இருக்காரு. முக்கியமான வேலை” என்றேன். பொய் சொல்லவில்லை.

அப்புறம் சத்தம் அடங்கியது. கேப்டனும் இப்படித்தான் கொஞ்ச நேரத்தில் அசந்து தூங்கிவிடுவார். நான் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு பீரோவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் தங்கையே வந்துவிட்டாள். செருப்பைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். மூன்று நாள் ஆகவில்லையே என்று அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தாள். “என்ன அண்ணா பண்ணி வச்சிருக்க?” என்று மட்டும் கேட்டாள்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்கிறீர்கள். முந்நூறு மீட்டர் வித்தியாசம், ஐயா. அது வெறும் டிவி நாடகம் என்கிறீர்கள். நாடகமானாலும் அளவு அளவுதானே.

மூச்சுத் திணறி இறந்ததாக ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்தது சங்கத்துக்குத் தெரிந்தால், சுவரில் அறுநூறு என்று எழுதிவிடுவார்கள். அது அநியாயம். பெட்டியின் அளவில் ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை கத்தினார், கெஞ்சினார், இருந்த காற்றையெல்லாம் பேசியே தீர்த்துவிட்டார். கேப்டன் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூடியது நான்தான். திறக்காமல் இருந்ததும் நான்தான். எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். பெட்டியை மட்டும் உடைத்துவிடாதீர்கள். பேசாத ஆளாகப் பார்த்து இன்னொரு தடவை ஒழுங்காகச் சோதித்துவிட வேண்டும். அன்றிலிருந்து தங்கை வாயே திறக்கவில்லை என்று சொன்னீர்களே, அவளை வரச் சொல்லுங்கள். அண்ணன் கூப்பிட்டால் வந்துவிடுவாள்.